எச்.ஐ.வி.யும் குழந்தையின் மூளையும்: வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எச்.ஐ.வி. என்றதும் எதிர்ப்பு சக்தி, எடைக் குறைவு, ஓயாத காய்ச்சல் என்றுதான் பேச்சு போகிறது. குழந்தைகளிடம் இந்தக் கிருமி வெகு சீக்கிரமே கைவைக்கும் இடம் மூளை. அதைப் பற்றித் தமிழில் விளக்கமாக எழுதப்பட்டவை குறைவு. மருத்துவர் அறையில் கேட்க நேரமில்லாமலோ கூச்சப்பட்டோ திரும்பிவிடும் அம்மாக்களுக்காகவும், பெற்றோர் இல்லாத பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி தாத்தாக்களுக்காகவும், அத்தை சித்திகளுக்காகவும் இதை எழுதுகிறேன். உங்கள் குழந்தைக்கான மருந்து முடிவுகளை, அந்தக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

எச்.ஐ.வி. ரத்தத்தில் இருக்கும் கிருமிதானே, அது மூளைக்குள் எப்படிப் போகிறது?

ரத்தத்தில் இருக்கும் எல்லாமே மூளைக்குள் போய்விட முடியாது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர்கள் நெருக்கமாகப் பின்னப்பட்டவை. கண்டதையும் உள்ளே விடாது. ஆனால் உடலைக் காக்கும் வெள்ளை அணுக்களில் சில, காவல் வேலையாக மூளைக்குள் போய்வரும். எச்.ஐ.வி. அந்த அணுக்களுக்குள் இருந்துகொண்டே உள்ளே நுழைந்துவிடுகிறது. தொற்று ஏற்பட்ட சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் இது நடந்துவிடும். நோய் முற்றிய பிறகுதான் மூளைக்குப் போகும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது தவறு.

உள்ளே போன வைரஸ், சிந்திக்கவும் அசையவும் உதவும் நரம்பணுக்களை நேரடியாகத் தொற்றுவதில்லை. அவற்றைச் சுற்றியிருக்கும் மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்களிலும், ரத்தக் குழாய்களை ஒட்டியுள்ள பெருவிழுங்கி அணுக்களிலும் குடியேறுகிறது. தொற்றிய அணுக்கள் ஓயாமல் அழற்சிப் பொருட்களைச் சுரக்கின்றன. வைரஸின் சில புரதங்களும் சேர்ந்து வெளியேறுகின்றன. இந்த நச்சுச் சூழலில்தான் நரம்பணுக்களின் இணைப்புகள் கெடுகின்றன, சில அணுக்கள் மடிகின்றன. வைரஸை அடக்கினால் இந்தச் சூழல் தணியும். சிகிச்சை மூளைக்கும் பலன் தருவது இதனால்தான்.

பெரியவர்களுக்கும் மூளை பாதிக்கிறதே. குழந்தைகளைப் பற்றி மட்டும் ஏன் இத்தனை கவலை?

பெரியவரின் மூளை வளர்ந்து முடிந்தது. குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டிருப்பது. பிறந்து முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை எடுக்கும் வேகம் வாழ்நாளில் பிறகு ஒருபோதும் வராது; இரண்டு வயதில் அது பெரியவரின் மூளை அளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. தாயிடமிருந்து பெறும் தொற்று கருவிலோ, பிரசவத்திலோ, பால் குடிக்கும் மாதங்களிலோ நிகழ்கிறது. அதாவது, மூளை மிக வேகமாக வளரும் காலத்தின் நடுவிலேயே வைரஸ் வந்துவிடுகிறது.

இன்னொன்று: பெரியவர்களுக்குப் பல ஆண்டுகள் அறிகுறியில்லாமல் போகலாம். பச்சைக் குழந்தையின் எதிர்ப்பு அமைப்புக்கு அந்தத் தாங்கும் திறன் கிடையாது. சிகிச்சை கிடைக்காவிட்டால், தொற்றுள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். வைரஸை அடக்கப் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து வருவதற்கு முன்பு, ஒரு குழந்தைக்கு எய்ட்ஸ் என்று தெரியவந்த முதல் அடையாளமே பல நேரங்களில் மூளை பாதிப்பாகத்தான் இருந்தது.

குழந்தையின் சீட்டில் ‘எச்.ஐ.வி. என்செபலோபதி’ என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் என்ன?

வைரஸால் மூளையே நேரடியாகப் பாதிக்கப்பட்ட நிலைக்கு அந்தப் பெயர். மூளைக்காய்ச்சல், காசநோய் போன்ற வேறு காரணம் எதுவும் இல்லையென்று பார்த்த பிறகே அப்படி எழுதுவார்கள். மூன்று விஷயங்களைக் கவனிப்பார்கள். வயதுக்குரிய வளர்ச்சி வராமல் நிற்பது, அல்லது வந்தது போய்விடுவது. தலைச் சுற்றளவு வளராமல் தேங்குவது. இரண்டு பக்கமும் ஒரேபோலக் கை கால்கள் இறுகுவது அல்லது தளர்வது, நடையில் தள்ளாட்டம். இவற்றில் ஒன்றாவது குறைந்தது இரண்டு மாதங்களாகத் தொடர்ந்திருக்க வேண்டும்.

எல்லாக் குழந்தைகளிடமும் இது ஒரே வேகத்தில் போவதில்லை. சிலர் கற்றுக்கொள்வார்கள், ஆனால் மற்றவர்களைவிட மெதுவாக. சிலருடைய வளர்ச்சி ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். மிகக் கடுமையான வகையில், கற்றதும் கைவிட்டுப் போகும்: உட்கார்ந்த குழந்தை சரியும், ‘அம்மா’, ‘தா’ என்று சொல்லிக்கொண்டிருந்த குழந்தை மௌனமாகும். இந்த மூன்றாவது வகையைக் கண்டால் அடுத்த மாத வருகைக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனிக்கலாம்?

முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, தவழ்வது, பிடித்து நிற்பது, நடப்பது, பேசுவது என்ற வரிசை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவை நம்புங்கள். ‘இவன் அப்பாவும் தாமதமாகத்தான் நடந்தான்’ என்ற சமாதானத்தை மட்டும் இந்தக் குழந்தைகள் விஷயத்தில் ஒதுக்கி வையுங்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதை ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

குறிப்பாகப் பார்க்க வேண்டியவை: குளிப்பாட்டும்போது தொடைகளை விரிக்க முடியாதபடி கால்கள் இறுகியிருக்கிறதா? தூக்கி நிறுத்தினால் கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றனவா? நடக்கும் குழந்தை குதிகால் தரையில் படாமல் நுனிக்காலிலேயே நடக்கிறதா? நாம் சொல்வது புரிந்தும் தானாகச் சொற்கள் வரவில்லையா? எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளிடம், புரிந்துகொள்ளும் திறனைவிட வாய்விட்டுச் சொல்லும் திறன் அதிகமாகப் பாதிக்கப்படுவதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். ‘எல்லாம் புரிகிறது, பேச்சுதான் வரவில்லை, வந்துவிடும்’ என்று வீட்டில் சொல்லும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அதோடு காது. இந்தக் குழந்தைகளுக்குக் காதில் சீழ் வடிவது அடிக்கடி வரும். சீழ் வடிந்து வடிந்து கேட்கும் திறன் குறைந்து, அதனால் பேச்சு நின்றுபோன குழந்தையை ‘மூளை பாதிப்பு’ என்று முடிவுகட்டிவிடுவது கொடுமை. பேச்சு தாமதமான ஒவ்வொரு குழந்தைக்கும் முதலில் செவிப் பரிசோதனை செய்யச் சொல்லி வற்புறுத்துங்கள்.

தலைச் சுற்றளவை எதற்கு ஒவ்வொரு முறையும் அளக்கிறார்கள்?

வளரும் மூளைதான் மண்டையோட்டை விரியச் செய்கிறது. தலை வளரவில்லை என்றால் மூளை வளரவில்லை என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். நீட்சி தராத ஓர் அளவு நாடா போதும். புருவங்களுக்கு மேலே நெற்றியில் தொடங்கி, காதுகளுக்கு மேலாகச் சுற்றி, பின்மண்டை அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்தைத் தொட்டு வர வேண்டும். பின்னல், ரிப்பன், ஹேர்பின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து பெரிய அளவை எழுதுவது நல்ல வழக்கம். பிறக்கும்போது சுமார் 34, 35 சென்டிமீட்டர் இருக்கும் தலை, ஒரு வயதில் சுமார் 46 ஆகும். ஓர் அளவை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. மாதாமாதம் குறித்த புள்ளிகளை இணைக்கும் கோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பதுதான் செய்தி.

அளந்த எண்ணை உங்கள் குழந்தையின் அட்டையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எடையை எழுதிவிட்டுத் தலையை விட்டுவிடும் அவசரம் எல்லா இடத்திலும் உண்டு. இரண்டு நிமிட வேலை, அதற்காக மன்றாட வேண்டியிருந்தாலும் மன்றாடலாம்.

இது பிறவியிலேயே வரும் மூளைவாதம் போன்றதா?

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கால் இறுக்கம் இரண்டிலும் உண்டு. ஆனால் மூளைவாதத்தில் மூளைக்கு ஏற்பட்ட காயம் ஒருமுறை நிகழ்ந்து முடிந்தது. எச்.ஐ.வி.யில் காயம் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது, மருந்து கொடுத்தால் நிற்கும். ஆகவே காரணம் தெரியாமல் வளர்ச்சி பின்னோக்கிப் போகும் குழந்தைக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது. தாய்க்குக் கர்ப்பத்தில் ‘இல்லை’ என்று வந்திருந்தாலும் அதற்குப் பிறகு, பாலூட்டும் காலத்தில், அவருக்குத் தொற்று வந்திருக்க வாய்ப்புண்டு.

ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். என்செபலோபதி உள்ள குழந்தைகளின் சி.டி. ஸ்கேனில் மூளை சற்றுச் சுருங்கியிருப்பதும், அதன் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளில் சுண்ணாம்புப் படிவமும் தெரியும். வலிப்பு, ஒரு பக்கம் மட்டும் பலவீனம், திடீர் மாற்றம், கடும் தலைவலி என்றால் ஸ்கேன் அவசியம். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் அது என்செபலோபதியாக இருக்க வாய்ப்பு குறைவு. பக்கவாதம், காசநோய்க் கட்டி, புற்று என்று வேறு எதையாவது தேட வேண்டும். எச்.ஐ.வி. மூளையின் ரத்தக் குழாய்களையும் பலவீனப்படுத்தும் என்பதால் குழந்தைகளுக்கும் பக்கவாதம் வரக்கூடும்.

குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்று எப்போது தெரியும்? பதினெட்டு மாதம் பொறுக்கச் சொல்கிறார்களே?

இந்தக் குழப்பத்தால் பல குழந்தைகள் பொன்னான மாதங்களை இழந்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரணப் பரிசோதனை, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. தாயின் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து, பதினெட்டு மாதம் வரைகூடத் தங்கும். அதனால் அந்தப் பரிசோதனை கைக்குழந்தைக்குப் பயன்படாது. பொறுக்கச் சொல்வது அதற்குத்தான்.

வைரஸின் மரபுப் பொருளையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை வேறு. அதை ஆறு வார வயதிலேயே செய்யலாம், செய்ய வேண்டும். குழந்தையின் குதிகாலைக் கையால் சற்று நேரம் கதகதப்பாக்கி, ஓரத்தில் குத்தி, வரும் சொட்டுகளைத் தடித்த வடிதாள் அட்டையின் வட்டங்களில் விடுவார்கள். ஒவ்வொரு வட்டமும் முழுதாக நனைய வேண்டும். அட்டை நிழலில் உலர்ந்ததும் ஆய்வகத்துக்குப் போகும். ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் போகத்தானே வேண்டும்? அன்றே இதையும் முடித்துவிடுங்கள்.

முடிவு ‘இருக்கிறது’ என்று வந்தால் உறுதிப்படுத்த இன்னொரு மாதிரி எடுப்பார்கள். அந்த இரண்டாவது முடிவுக்காகக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ‘இல்லை’ என்று வந்தாலும் பாலூட்டல் நடக்கும் வரை ஆபத்து தொடர்வதால், பிறகு சொல்லும் தேதிகளிலும் தவறாமல் போக வேண்டும்.

பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான்? இத்தனை சிறு வயதில் இத்தனை மருந்து ஏன்? கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கக் கூடாதா?

இந்தக் கேள்வியை ஒரு காலத்தில் மருத்துவர்களே கேட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் சொவெட்டோவிலும் கேப் டவுனிலும் நடந்த ‘செர்’ என்னும் ஆய்வு அதற்கு விடை சொன்னது. எச்.ஐ.வி. இருந்தும் ஆரோக்கியமாகத் தெரிந்த கைக்குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஏறத்தாழ ஏழு வார வயதில் மருந்து தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு, அன்றைய வழக்கப்படி, எதிர்ப்பு சக்தி குறையும் வரையோ நோய் தெரியும் வரையோ காத்திருந்தார்கள். 2008-இல் வெளியான முடிவு மருத்துவ உலகை உலுக்கியது: உடனே தொடங்கியவர்களிடம் மரணம் 76 சதவீதம் குறைவு, நோய் முற்றுவது 75 சதவீதம் குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் அதே ஆண்டில் தன் வழிகாட்டுதலை மாற்றியது. ஒரு வயதுக்குட்பட்ட, தொற்று உறுதியான எல்லாக் குழந்தைகளுக்கும் உடனடி மருந்து என்றாயிற்று.

நமக்கு இங்கே முக்கியமான பகுதி பின்னால் வந்தது. அந்த ஆய்வின் கேப் டவுன் குழந்தைகளை ஒரு வயதை நெருங்கும்போது வளர்ச்சிப் பரிசோதனை செய்தார்கள். ஒட்டுமொத்த வளர்ச்சியிலும், உட்காருவது, எழுவது, நடப்பது போன்ற உடலியக்கத்திலும் சீக்கிரம் தொடங்கியவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். இரண்டு குழுவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சில மாதங்கள்தான்.

ஆசியாவில், தாய்லாந்திலும் கம்போடியாவிலும், ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளிடம் இதேபோல ஓர் ஆய்வு நடந்தது. அங்கே உடனே தொடங்கியதற்கும் தாமதித்ததற்கும் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. இரு குழுவினருமே தொற்றில்லாத குழந்தைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புலப்படுவது ஒன்றுதான்: மூளையைக் காக்கும் வாய்ப்பு முதல் சில மாதங்களில்தான் மிகப் பெரிதாக இருக்கிறது. ‘பெரியவனாகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்ற பேச்சு என்னைப் பதறவைப்பது இதனால்தான்.

ஏற்கெனவே பாதித்துவிட்டது. இனி மருந்து கொடுத்து என்ன பயன்?

நிறையப் பயன் உண்டு. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஃபிலிப் பிட்ஸோ என்னும் மருத்துவரின் குழு, நோய் முற்றிய 21 குழந்தைகளுக்கு ஜிடோவுடின் மருந்தை நரம்பு வழியாக இடைவிடாமல் செலுத்தி, 1988-இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் 13 பேருக்கு மூளை பாதிப்பு இருந்தது. பதின்மூன்று பேரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. அறிவுத்திறன் மதிப்பெண் உயர்ந்தது. அன்று கையில் இருந்தது ஒரே ஒரு மருந்து. ஒற்றை மருந்தின் பலன் நிலைப்பதில்லை என்பதால், இன்று மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறோம்.

என்றாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அழற்சியால் மங்கியிருந்த திறன்கள் திரும்பும். மடிந்துபோன அணுக்கள் திரும்பாது. தலை மறுபடி வளரத் தொடங்கி, குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகும், கால் இறுக்கமோ கற்பதில் மந்தமோ எஞ்சியிருக்கலாம். அதற்கு மருந்தோடு இயன்முறைச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் வேண்டும். மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பாதி வேலைதான். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இருக்கும் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அங்கே கற்றுத்தரும் நீட்சிப் பயிற்சிகளை வீட்டில் தினமும் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை மையத்தில் மட்டும் செய்வதால் இறுகிய தசை இளகாது.

மருந்தைத் துப்பிவிடுகிறாள். என்ன செய்வது?

முன்பு கைக்குழந்தைகளுக்குக் கிடைத்த லோபினாவிர் சிரப் குமட்டும் கசப்பு; வாயைப் பொத்தி ஊற்றிய அம்மாக்கள் எத்தனையோ பேர். இப்போது டோலுடெகிராவிர் 10 மில்லிகிராம் கரையும் மாத்திரை வந்திருக்கிறது. நான்கு வார வயதும் மூன்று கிலோ எடையும் தாண்டிய குழந்தைக்குக் கொடுக்கலாம். ஸ்ட்ராபெர்ரி சுவை சேர்த்திருப்பதால் குழந்தைகள் முகம் சுளிப்பது குறைவு.

சுத்தமான சின்னக் கிண்ணத்தில் ஒன்றிரண்டு டீஸ்பூன் குடிநீர் விட்டு, மாத்திரையைப் போட்டு, கட்டியில்லாமல் கரையும்வரை கலக்குங்கள். நசுக்க வேண்டாம். கரைத்ததை அரை மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிறகு அதே கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் நீர் விட்டு அலசி அதையும் புகட்டுங்கள். அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதும் மருந்துதான். அளவு எடையைப் பொறுத்து மாறும் என்பதால், குழந்தை எடை கூடும்போதெல்லாம் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். போன வருடத்து அளவு இந்த வருடம் போதாது. வாந்தியெடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே மருந்து தரும் மையத்தில் கேட்டு வையுங்கள்.

இந்த மருந்துகளே மூளையையோ நரம்பையோ கெடுக்காதா?

சில மருந்துகளுக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. எஃபவிரென்ஸ் சாப்பிட்ட குழந்தைகள் கனவு கண்டு அலறுவதும், காலையில் தலைசுற்றுவதும், கவனம் சிதறுவதும் தெரிந்ததே. டோலுடெகிராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். பழைய ஸ்டாவுடின் பாதங்களில் எரிச்சலையும் மரமரப்பையும் உண்டாக்கியது; 2009-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொன்னது. காசநோய்த் தடுப்புக்குத் தரும் ஐசோநியாசிட்டும் நரம்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் அதோடு பி6 வைட்டமின் கொடுப்பார்கள். அந்தச் சின்ன மாத்திரையை ‘வெறும் சத்து மாத்திரை’ என்று விட்டுவிடாதீர்கள்.

குழந்தை ‘கால் எரிகிறது’ என்று சொல்லத் தெரியாமல் செருப்புப் போட மறுக்கலாம், இரவில் காலைத் தேய்த்துக்கொண்டே அழலாம். சொல்லுங்கள், மருந்தை மாற்ற வழி இருக்கிறது. சொல்லாமல் நீங்களாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. மருந்தால் வரும் தொல்லையையும் வைரஸ் செய்யும் அழிவையும் ஒரே தட்டில் வைக்கவே முடியாது.

ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்று வந்துவிட்டது. மூளையிலும் போய்விட்டதா?

போகவில்லை, அடங்கியிருக்கிறது. மூளையின் காவல் அணுக்களில் வைரஸ் நீண்ட காலம் பதுங்கியிருக்கும். அரிதாகச் சிலரிடம் ரத்தம் சுத்தமாக இருந்தும் மூளைத் தண்டுவட நீரில் வைரஸ் தென்படுவதுண்டு. புதிதாக நரம்புக் கோளாறு வந்தால் மட்டுமே அதைத் தேடுவார்கள். அன்றாட வாழ்வில், ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருப்பதுதான் மூளைக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாதுகாப்பு.

வலிப்பு வந்தால்?

ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவிக்கொத்தைத் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், நீடித்த வாந்தி, தலைவலி, நாளுக்கு நாள் கூடும் சோர்வு, எப்போதும் தூக்கம் என்று இருந்தால் காசநோய் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். நம் ஊரில் அதை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு நாள் தாமதமும் குழந்தையின் நடையையும் பார்வையையும் பறிக்கும்.

இன்னொரு முக்கியமான செய்தி. ஃபெனிடோயின், கார்பமசெபைன், ஃபீனோபார்பிட்டோன் போன்ற பழைய வலிப்பு மருந்துகள் கூட்டு மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். லெவிடிராசெட்டம் போன்றவற்றில் அந்தச் சிக்கல் குறைவு. வலிப்புக்குப் பார்க்கும் மருத்துவரிடம் எச்.ஐ.வி. மருந்து பற்றிச் சொல்லத் தயங்கி, இரண்டையும் தனித்தனியாக வாங்கிக் கொடுத்தால் இரண்டும் தோற்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் இப்படித்தான். அதோடு டோலுடெகிராவிரை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நன்றாக இருந்த பெண், நான்காம் வகுப்பில் பின்தங்குகிறாள். சோம்பேறித்தனமா?

அடிக்காதீர்கள், முதலில் இதைப் படியுங்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு வளரும் குழந்தைகளிடம் இன்று அந்தக் கொடிய என்செபலோபதி அரிதாகிவிட்டது. அதற்குப் பதில் மெல்லிய குறைகள் தெரிகின்றன. கணக்கின் இரண்டாவது படியைப் போடும்போது முதல் படி மறந்துபோவது, பலகையில் எழுதியதைப் பாதி எழுதுவதற்குள் ஆசிரியர் அழித்துவிடுவது, ஒரு வேலையைத் தொடங்கி வரிசையாக முடிக்க முடியாமல் திணறுவது. மொழியறிவும் விளையாட்டும் நன்றாக இருப்பதால் இதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. ‘மனசு வைத்தால் படிப்பாள்’ என்பார்கள். அவள் மனசு வைத்துத்தான் இவ்வளவு செய்கிறாள்.

நேரம் கூடுதலாகக் கொடுப்பது, கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்வது, முன்வரிசையில் உட்காரவைப்பது, எழுத வேண்டியதைக் குறைத்து வாய்மொழியாகக் கேட்பது எல்லாம் உதவும். மனநல உளவியலாளரிடம் திறன் மதிப்பீடு செய்து, தேவைப்பட்டால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் சான்றிதழ் பெற்றால் தேர்வில் சலுகைகள் கிடைக்கும்.

எல்லாப் பழியையும் வைரஸ் மேல் போடவும் முடியாது. ரத்தசோகை, பசி, அப்பாவோ அம்மாவோ இறந்த துயரம், உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்வது, வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்காதது ஆகியவையும் மூளை வளர்ச்சியைத் தடுக்கின்றன. நல்ல செய்தி என்னவென்றால், இவற்றில் பலவற்றை நாம் மாற்ற முடியும். குழந்தையோடு ஓயாமல் பேசுங்கள்; தொற்றில்லாத அக்காவுக்குச் சொன்ன கதைகளை இவளுக்கும் சொல்லுங்கள்.

எனக்கு எச்.ஐ.வி. உண்டு, குழந்தைக்கு இல்லை என்று உறுதியாகிவிட்டது. அவன் மூளை வளர்ச்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

முதலில், நீங்கள் சாதித்திருக்கிறீர்கள். எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் 5 சதவீதத்துக்கும் கீழே போகிறது.

தொற்றில்லாத இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோர் இயல்பாகவே வளர்கிறார்கள். ஆனால் கேப் டவுனுக்கு அருகிலுள்ள டிராகன்ஸ்டைனில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், இரண்டு வயதில் மொழி வளர்ச்சித் தாமதம் இவர்களிடம் சற்று அதிகமாகக் காணப்பட்டது. பயப்பட வேண்டாம், தாமதம் தெரிந்தால் சீக்கிரம் பயிற்சிக்கு அழைத்துப் போங்கள். உங்கள் மருந்தை நிறுத்தக் காரணமாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவனிடமே சொல்லலாமா? மனசு உடைந்துவிடாதா?

பள்ளி வயதில் சொல்லிவிட வேண்டும் என்கிறது 2011-இல் வந்த உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டுதல். சிறு வயதில் ‘உன் ரத்தத்தில் ஒரு கிருமி தூங்குகிறது, மாத்திரை அதை எழாமல் பார்த்துக்கொள்கிறது’ என்று தொடங்கலாம். வயது ஏற ஏற விவரம் கூட்டலாம். மறைத்து வைத்த குழந்தை பதின்மூன்று, பதினான்கு வயதில் மருந்துச் சீட்டில் தானே படித்துத் தெரிந்துகொள்கிறது. அப்போது கோபத்தில் மாத்திரையை நிறுத்துவதுதான் மூளைக்கு மறுபடி ஆபத்தைக் கொண்டுவருகிறது. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் கவனிக்கப்பட வேண்டியவை. ஆற்றுப்படுத்துநரோடு சேர்ந்து சொல்லுங்கள்.

எங்கே போக வேண்டும், எவ்வளவு செலவாகும், பள்ளிக்குத் தெரிய வேண்டுமா?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1-இல் தொடங்கியபோது தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. இப்போது அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும், ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்தும் இலவசம். 1097 என்ற எண்ணை அழைத்தால் அருகிலுள்ள மையத்தைச் சொல்வார்கள்.

பள்ளிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுப்பதும், ஒதுக்கி உட்காரவைப்பதும், சம்மதமில்லாமல் பிறரிடம் சொல்வதும் அதன்படி சட்டவிரோதம். கற்றலில் உதவி வேண்டுமென்றால் ‘நரம்பு வளர்ச்சியில் தாமதம் இருக்கிறது, கூடுதல் நேரம் தேவை’ என்று மருத்துவர் எழுதிய ஒரு கடிதம் போதும். அதில் எச்.ஐ.வி. என்ற எழுத்துகள் இருக்கத் தேவையில்லை. எழுதித் தருபவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.